மேல் டிவிஷனுக்கு வந்த புது லைன்

மேல் டிவிஷன் பீலிக்கு எப்படிப் போவது என்று கேட்டு இந்த மாதம் மட்டும் ஏழு பேர் எழுதிவிட்டார்கள். தப்பு என்னுடையது. மூன்று வருடத்துக்கு முன் இதே வலைப்பூவில், தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் இருக்கும் அந்தப் பீலியைப் பற்றி எழுதி, அதில் தலையைக் கொடுத்தால் ஐம்பது வயதுக்காரனுக்கு முப்பது திரும்பும் என்று அளந்துவிட்டிருந்தேன். (எனக்குத் திரும்பவில்லை. சளி பிடித்தது. அதை எழுதவில்லை.) பீலி தெரியாதவர்களுக்காக: பாறையில் கசியும் ஊற்றுக்கு ஒரு குழாய்த் துண்டை வைத்து, தலை உயரத்தில் விழச் செய்திருப்பார்கள். குடிப்பது, குளிப்பது, துவைப்பது, அடுத்த வீட்டு வண்டவாளம் பேசுவது எல்லாம் அதன் அடியில்தான்.

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை அங்கே மறுபடியும் போய்வந்தேன். வழி, நேரம், செலவு எல்லாம் கீழே இருக்கிறது. கிளம்புவதா வேண்டாமா என்பதை முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏன் போனேன் என்று சொல்வதற்கு, நான் பெரிய மனிதனான கதையைச் சொல்லியாக வேண்டும். தெஹியோவிட்டயில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு போட்டோகாப்பிக் கடை இருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் பகுதியின் நிலத்தையும் நீரூற்றுகளையும் பார்த்துக்கொள்ள ஒரு சபை உண்டு. எந்த மலையில் மரம் வெட்டலாம், எந்த ஓடையை யார் மறிக்கலாம், எந்தச் சரிவில் வீடு இருக்கக் கூடாது என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கும். பெயரைப் போடவில்லை. வழக்குப் போட்டால் வக்கீலுக்குக் கொடுக்க என்னிடம் வெள்ளைத்தாள் மட்டும்தான் இருக்கிறது.

சபைக்கு ஒன்பது உறுப்பினர்கள். அதில் ஒருவராவது தமிழராக இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு பெரியவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்த அன்று, அவருடைய செயலாளர் என் கடையில் நின்று அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். "சந்தனம் மாத்தயா, உங்களுக்குச் சிங்களம் எழுத வாசிக்க வரும்தானே?" என்றார். வரும் என்றேன். தேர்வு முடிந்தது. அடுத்த வாரமே ஐந்நூறு விசிட்டிங் கார்டு அடித்துவிட்டேன், சொந்தக் கடை என்பதால் இரண்டு பக்கமும் கலரில். என் மனைவி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குப் பொறுப்பா? அப்ப மொதல்ல நம்ம வீட்டு டேங்கக் கழுவுங்க" என்றாள். இன்னும் கழுவவில்லை.

சபை மாதம் ஒரு முறை கேகாலையில் கூடும். குளிரூட்டிய அறை, நீள மேசை, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். தலைவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர், தங்கமான மனிதர், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரிந்தவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு பழைய நில அளவையாளர். வரைபடத்தை விரித்தால் பேரப்பிள்ளையைப் பார்த்ததுபோல் முகம் மலர்வார், ஆனால் அதில் இருக்கும் எந்த இடத்துக்கும் அவர் முழங்கால் அவரை விடாது. தோட்டங்களின் சார்பில் ஒரு துரை, அதாவது தோட்ட மனேஜர், வருவார். மேசைக்கு அடியில் கிரிக்கெட் பார்ப்பார். மற்றவர்களைப் பற்றி எழுத இடம் இல்லை, தைரியமும் இல்லை. தண்ணீர் போத்தலை மட்டும் யாரும் திறப்பதில்லை. கூட்டம் முடிந்ததும் நான் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வருவேன். ஒரு வருடமாக எங்கள் வீட்டில் சபைத் தண்ணீர்தான்.

அந்த ஒரு வருடமும் நான் வாய் திறந்ததில்லை. திறந்த ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மேல் டிவிஷனில் ஒரே ஒரு லைன். லைன் என்றால் எங்கள் தோட்டங்களில் வீடு. ஒரே தகரக் கூரைக்குக் கீழே முதுகோடு முதுகாக ஒட்டிய அறைகளின் வரிசை. அதில் இருபத்திரண்டு குடும்பம். அதற்குப் பின்னால் இருக்கும் சரிவில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. பெரிய மழை வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலில் போய்ப் படுக்கிறார்கள். பாதுகாப்பான இடத்தில் வேறு லைன் கட்டித் தாருங்கள் என்று மனு எழுதி, அதைப் பிரதி எடுக்க என் கடைக்கே வந்தவர் முத்துலெட்சுமி. அங்கே கொழுந்து எடுக்கிறவர், மாதர் சங்கத் தலைவி, என் வயதுதான் இருக்கும். பிரதி ஒன்றை என் கையிலேயே திணித்துவிட்டு, "நீங்கதான் உள்ள இருக்கீங்களே சார், பாத்துக்குங்க" என்று போனார்.

அதனால் நான்கு மாதத்துக்கு முந்திய கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலின் பதினோராவது விடயமாகச் செயலாளர் "உட டிவிஷன், அலுத் லயின் எக" என்று சிங்களத்தில் வாசித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. மேல் டிவிஷன், புது லைன். துள்ளி எழுந்தேன். இது இன்று நேற்றுக் கோரிக்கை இல்லை, இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, இதை முன்மொழிகிறவன் நானாக இருக்க வேண்டும் என்று மூன்று நிமிடம் முழங்கினேன். தலைவர் நிஜமாகவே விழித்துக்கொண்டார். நில அளவையாளர் மேசையைத் தட்டினார். திட்டக் கோப்பு ஒவ்வொரு கையாக வந்தது. நான் அதைத் திறக்காமலே அடுத்தவருக்குத் தள்ளினேன், ஏனென்றால் மேசைக்கு அடியில் முத்துலெட்சுமிக்குச் செய்தி தட்டிக்கொண்டிருந்தேன்: "லைன் பாஸ்." பதிலுக்கு ஒரு வரிசை நிறையக் கும்பிடும் கைகள் வந்தன. அடுத்து பகல் சாப்பாடு, கோழி புரியாணி. இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

போன மாதம் அவரே அழைத்தார். "சார், லைன் வந்திருச்சு. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க." குரல் ஒரு மாதிரி கம்மியிருந்தது. ஆனந்தம் என்று நினைத்தேன்.

இனி பயணம். தெஹியோவிட்டயில் காலை 7.10க்குத் தெரணியகலை தனியார் பஸ், கட்டணம் தொண்ணூற்றைந்து ரூபாய். இடது பக்கம் உட்காருங்கள். வலது பக்கம் வெயில். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறி, சீதாவக்கை ஆற்றை அவ்வப்போது தொட்டுக்கொண்டு போகும். 8.05க்குத் தெரணியகலை. பேக்கரியில் தேநீரும் மீன் அடைத்த மாலுபாணும் சாப்பிட்டு, ஒரு கிலோ லட்டு வாங்கினேன். புது வீட்டுக்கு வெறும் கையோடு போகலாமா? மாலை போட்டால் கழற்றி வைக்க ஒரு பையும் எடுத்துவந்திருந்தேன். சிரிக்காதீர்கள்.

அங்கிருந்து மேல் டிவிஷனுக்கு ஒன்பது கிலோமீட்டர். முதல் ஆறு தார், அடுத்த மூன்று கல்லும் கடவுளும். ஆட்டோவுக்குப் போக வர, காத்திருப்பு உட்பட மூவாயிரம் பேசினேன். ஓட்டுநர் சுரேஷ், முப்பத்தைந்து வயது, கீழ் டிவிஷன்காரர். தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம், சிங்களப் பள்ளிக்கூடம் ரோட்டோரம் என்பதால் சிங்களத்தில் படித்தவர். "தமிழ் பேச்சு மட்டுந்தான் சார். கோயில் நோட்டீசு வந்தா எங்க வீட்டுக்காரிதான் வாசிச்சுக் காட்டணும்" என்றார்.

"பீலிக்கா சார் போறீங்க?"

"இல்ல, மேல் டிவிஷன்ல புது லைன் பார்க்க."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு லட்டுப் பெட்டியைப் பார்த்தார். "இது எதுக்கு சார்?"

"புது வீட்டுக்குத்தான்."

"யாரு வீட்டுக்கு?"

"என்ன சுரேஷ், இருபத்திரண்டு வீடு வந்திருக்கு, யாரு வீட்டுக்குன்னு கேக்கிறீங்க?"

"ஹரி சார்" என்றார். அதாவது, சரி சார். அதற்குப் பிறகு ஒன்பது கிலோமீட்டரும் அவர் பேசவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர் பேசாமல் வந்தால் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். எனக்குப் புரியவில்லை.

9.15க்கு மேலே இறங்கினோம். பழைய லைன் அப்படியே இருந்தது. கூரை மேல் கல்லும் டயரும் அப்படியே. புது லைனைத் தேடி நாலு பக்கமும் பார்த்தேன். தேயிலை, பாறை, மேகம். முத்துலெட்சுமி வந்தார், பின்னால் அவருடைய கணவர் பெரியசாமி. மாலையைக் காணோம்.

"வாங்க சார். காட்டுறேன்" என்று நடந்தார்.

லைனுக்குப் பின்னால், வெடிப்புக்குக் கொஞ்சம் கீழே, ஒன்றரை அடி அகலத்தில் ஒரு நீளப் பள்ளம் போய், மண் போட்டு மூடியிருந்தது. பாதி மூடாத இடத்தில் கை மொத்தத்துக்கு ஒரு கறுப்புக் குழாய் தெரிந்தது.

"இதான் சார் லைன்" என்றார் பெரியசாமி. "பைப் லைன்."

குனிந்து அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். பேசத் தெரிந்தவன் கூட்டத்தில் பேசி முடித்துவிட்டான்.

நடந்ததை முத்துலெட்சுமி சொன்னார். என் செய்தி வந்த அடுத்த மாதம் ஒரு கண்காணிப்பாளர் வந்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, "மெதனின் லயின் எக கபனவா" என்றாராம். இந்த வழியாக லைன் வெட்டுகிறோம். அவ்வளவுதான், டிவிஷனே மண்வெட்டியோடு இறங்கிவிட்டது. முதல் வெட்டுக்குச் சூடம் கொளுத்தி, பால் பொங்க வைத்திருக்கிறார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை சிரமதானம். யாரும் கூலி கேட்கவில்லை. தங்கள் வீட்டு அத்திவாரத்துக்கு யார் கூலி கேட்பார்கள்?

"எனக்கு அப்பவே ஒரு இது சார்" என்றார் பெரியசாமி. "ஒன்ற அடியில என்னா வீடு, படுத்தா பொரளக்கூட முடியாதேன்னு கேட்டேன். இவதான் வாய அடச்சா."

"இந்தக் காலத்து அத்திவாரம் இப்புடித்தான், கம்பி போட்ட கொங்கிரீட்டுன்னு சொன்னேன்" என்றார் முத்துலெட்சுமி. "பெரிய இஞ்சினியர் மாதிரி."

"அப்பறம் பாத்தா அத்திவாரம் பீட்ரூட் பாத்தியத் தாண்டி, ஓடையில எறங்கி, ரோட்டுப் பக்கமா வளஞ்சு போகுது. என்னாடி, நம்ம வீடு தெரணியகலைக்கு நடந்து போகுதேன்னு கேட்டேன்."

"கேட்டீங்க, கேட்டீங்க. கேட்டுக்கிட்டே வெட்டுனீங்கதான?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெட்டி முடித்த திங்கட்கிழமை லொறியில் குழாய்ச் சுருள்கள் வந்து இறங்கியிருக்கின்றன.

பீலிக்குப் போனோம். லைனிலிருந்து பத்து நிமிட நடை. (அட்டைகள் உண்டு. கணுக்காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள்.) நான் தலையைக் கொடுத்த இடத்தில் குழாய்த் துண்டு வாயைத் திறந்துகொண்டு நின்றது. எண்ணிப் பார்த்தேன், ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையில் நான்கு வரை எண்ணலாம். அதற்கு மேலே, ஊற்று புறப்படும் பாறை இடுக்கில், கொங்கிரீட்டில் ஒரு தொட்டி கட்டி இரும்பு மூடி போட்டுப் பூட்டியிருந்தார்கள். காதை வைத்தால் உள்ளே தண்ணீர் பேசுவது கேட்கிறது. அது கீழே ரோட்டோரத்துக் குடியிருப்புக்கும் புதிதாக வந்த இரண்டு விடுமுறைப் பங்களாவுக்கும் போகிறது. அங்கே இருப்பவர்களுக்கும் தாகம் எடுக்கும்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். மேல் டிவிஷன்காரர்கள் இப்போது பள்ளத்தாக்கு ஓடைக்கு இறங்குகிறார்கள். இறங்க இருபது நிமிடம், குடத்தோடு ஏற நாற்பது.

தொட்டியின் பக்கத்தில் கண்ணாடித் தாளுக்குள் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. சிங்களத்தில் மட்டும். லைனில் இருப்பவர்கள் சிங்களம் தண்ணீர்போல் பேசுவார்கள். வாசிக்கக் கற்றவர்கள் குறைவு.

"இத வாசிங்க சார்" என்றார் முத்துலெட்சுமி. "யாரு இதுக்குக் கைய தூக்குனதுன்னு அதுல இருக்காம். பேரு தெரிஞ்சா நாங்க நேரா போய்க் கேப்போம். நீங்க அந்த ஆளு வீட்ட மட்டும் காட்டுங்க."

வாசித்தேன். வரி வரியாக, தமிழில் சொல்லிக்கொண்டே. திட்டத்தின் பெயர். குழாயின் நீளம். சபையின் தீர்மானம். கடைசி வரி வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "எழுத்து நனைஞ்சிருக்கு" என்றேன். எழுத்து நனையவில்லை. கண்ணாடித் தாளுக்குள் இருந்தது.

என் தோளுக்குப் பின்னால் நின்ற சுரேஷ், பாவம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துவிட்டார். "யோஜனா களே: சந்தனம் மஹதா." முன்மொழிந்தவர் திரு. சந்தனம். வாசித்த பிறகுதான் என்னைப் பார்த்தார். "அய்யோ சார்" என்றார்.

என் கார்டு அவர்கள் எல்லாரிடமும் இருந்தது. இரண்டு பக்கமும் கலரில்.

கல்லைத் தூக்கி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பெரியசாமி ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு நின்றார். முத்துலெட்சுமி அந்தப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நீங்களும் வீடுன்னுதான் நெனச்சீங்களா சார்?"

"ஆமா."

"பேப்பர் குடுத்திருப்பாங்களே?"

"கொடுத்தாங்க. பார்க்கல."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். "நாங்க வாசிக்கத் தெரியாம வெட்டுனோம் சார்" என்றார். திட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். மற்றப் பாதியை அவர் சொல்லாமல் விட்டது என் மேல் வைத்த மரியாதை.

லைனுக்குத் திரும்பி வந்ததும் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன், அதெப்படி சார், வீட்டுக்கு வந்துட்டு, என்றார்கள். பித்தளைச் செம்பில் முதலில் கை கழுவவும் தண்ணீர் வந்தது. காலையில் நாற்பது நிமிடம் ஏறி வந்த தண்ணீர். என் பையில் சபைப் போத்தல் இரண்டு இருந்தது, மூடி திறக்காதது. சாராயப் போத்தலை ஒளிக்கிறவன்போல் பையைக் காலுக்கு அடியில் தள்ளிக்கொண்டு தேநீரைக் குடித்தேன். லட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். "என்னாத்துக்கு லட்டு?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பெரியசாமி அதன் கையில் இன்னொன்றை வைத்தார்.

11.40க்குக் கிளம்பினோம். தெரணியகலையில் 1 மணி பஸ். வீட்டுக்கு 2 மணி. சுரேஷ் மூவாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. இறங்கும்போது மட்டும், "நான் வாசிச்சிருக்கக் கூடாது சார்" என்றார். "நான் வாசிச்சிருக்கணும் சுரேஷ்" என்றேன்.

அடுத்த கூட்டத்துக்குக் கோப்பை முழுவதும் படித்துவிட்டுப் போனேன். முதல் பக்கத்திலேயே, நீல மையில், அம்புக்குறி போட்டு, ஊற்றிலிருந்து கீழ்நோக்கி வரைந்திருந்தது. ஒரு பார்வை போதும். எழுந்து நின்று, தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். தலைவர் வருத்தமாகப் பார்த்தார். "சந்தனம், உங்கள் பேச்சைக் கேட்டுத்தானே நாங்கள் எல்லாரும் கை தூக்கினோம்? முன்மொழிந்தவரே எதிர்த்தால் சபைக்கு என்ன மரியாதை?" மேல் டிவிஷனுக்கும் ஒரு குழாய் கொடுக்கலாமே என்றேன். ஊற்றில் இருப்பது ஒரு குழாய்க்குத்தான் போதும் என்றார் நில அளவையாளர். அப்படியானால் புது வீடாவது என்றேன். அந்தச் சரிவு அபாயப் பகுதி, அங்கே புதிதாக எதுவும் கட்ட அனுமதி இல்லை என்றார். வரைபடத்தைக் காட்டிச் சிரித்தார். அபாயப் பகுதியில் பழைய வீடு மட்டும் இருக்கலாமா என்று நான் கேட்டதற்குப் பதில் வருவதற்குள் சாப்பாடு வந்துவிட்டது.

முடிவில் ஓர் உபகுழு போட்டார்கள். லயின் உபகுழு என்று பெயர். தலைவர் நான். முதல் கூட்டம் மழைக்காலம் முடிந்த பிறகு. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

அன்று மாலையே முத்துலெட்சுமிக்கு அழைத்தேன். கமிட்டி போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"கமிட்டின்னா என்னாங்க சார்?" என்று கேட்டார். "வீடா, தண்ணியா?"

"ரெண்டும் இல்லம்மா."

"சரிங்க சார்" என்றார். "மழை வருது, துணிய எடுக்கணும்" என்று வைத்துவிட்டார். எங்கள் கடைக் கூரையிலும் விழத் தொடங்கியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் இருக்கும் வெடிப்பையும், அதற்குக் கீழே அவர்களே வெட்டிய பள்ளத்தையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் மழை பெய்தால் நான் கணக்கில்லாமல் தேநீர் குடிக்கிறேன்.

பழைய பதிவில் பீலியைப் பற்றி எழுதியதை நீக்கிவிட்டேன். படத்தை மட்டும் விட்டிருக்கிறேன், அப்படி ஒன்று இருந்தது என்பதற்காக. இன்னும் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காலை பஸ்ஸிலேயே போய்விடுங்கள். பகல் இரண்டு மணிக்கு மேல் மேலே மழை, கல் ரோட்டில் ஆட்டோ இறங்காது. செருப்பு வேண்டாம், கால் மூடும் சப்பாத்து. மேல் டிவிஷனில் கைபேசி சிக்னல் கோயில் படியில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். படம் எடுக்குமுன் கேளுங்கள். அபாயப் பகுதி என்பதால் லைனுக்குப் பின்னால் நிற்காதீர்கள், அங்கே நிற்க அவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

குடிக்கத் தண்ணீர் தெரணியகலையிலேயே வாங்கி, மேலே ஏறுமுன் குடித்து முடித்துவிடுங்கள். அங்கே யாரிடமும் தண்ணீர் கேட்காதீர்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.